புள்ளியியல் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் பிறந்த கதை

புள்ளியியல் கற்பிப்பவர்களுக்கு உலக அளவில் ஒரு சங்கம் இருக்கிறது. சர்வதேசப் புள்ளியியல் கல்விச் சங்கம் என்று பெயர், சுருக்கமாக ஐ.ஏ.எஸ்.இ. என்பார்கள். அது பிறந்தது 1991இல். அதற்கு மூலமான குழு அமைந்ததோ 1948இல். இடைப்பட்ட 43 ஆண்டுகளில் நடந்ததுதான் இந்தச் சங்கத்தின் உண்மையான பிறப்புக் கதை என்று நினைக்கிறேன். இந்தப் பாடத்தை யாருக்கு, எப்படிக் கற்பிப்பது என்று முதலில் பெரியவர்கள் சிலர் கூடி முடிவுசெய்தார்கள். வகுப்பில் நிற்கிறவர்களே கூடி, சந்தா கட்டி, வாக்களித்து, தங்கள் வேலையைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்ளும் நிலை வர அவ்வளவு காலம் பிடித்தது.

இந்த ஆசிரியர் யார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பள்ளியில் புள்ளியியல் எடுப்பவர் பெரும்பாலும் கணித ஆசிரியர்தான். இயற்கணிதமும் வடிவியலும் அவருக்குக் கைவந்தவை. சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கரும்பலகையில் பிழையில்லாமல் போட்டுக்காட்டுவார். ஆனால் இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன, யாரைக் கேட்டு எடுத்தார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் பதில் சொல்லும் பயிற்சியை அவருக்கு யாரும் கொடுத்ததில்லை. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ எட்டாவது இயல், அதுவே கடைசி இயல். கடைசி இயலுக்கு வகுப்பில் எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது ஆசிரியர்களுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

கல்லூரியிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. வேளாண்மை, உளவியல், பொருளியல், மருத்துவம் என்று எல்லாத் துறைக்கும் புள்ளியியல் வேண்டும். அதனால் ஒவ்வொரு துறையிலும் அதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார். பக்கத்து மேசையில் அதே வேலை செய்கிறவர் இருக்கமாட்டார். கணிதக் கல்வி மாநாட்டுக்குப் போனால் அவர் விருந்தாளி. புள்ளியியலாளர் மாநாட்டுக்குப் போனால் அங்கே ஆராய்ச்சிதான் பேச்சு. கற்பித்தலுக்கு ஒதுக்கிய அமர்வு ஏதோ ஒரு மூலையில் நடக்கும். நேற்று வகுப்பில் ஒன்று சொல்லிப் பார்த்தேன், பிள்ளைகளுக்குப் புரியவில்லை, நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்க ஆள் இல்லாத தொழில் அது. இந்தத் தனிமையைப் போக்கத்தான் சங்கம் தேவைப்பட்டது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை.

தொடங்கியது அரசு அலுவலகங்களில். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி 1885இல் சர்வதேசப் புள்ளியியல் நிறுவனம் உருவானது. அதில் அப்போது யார் வேண்டுமானாலும் சேர்ந்துவிட முடியவில்லை. இருக்கிற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தால்தான் இடம் கிடைத்தது. நாடுகளின் புள்ளிவிவரத் துறைத் தலைவர்களும் பேராசிரியர்களும் கூடும் இடமாக அது இருந்தது. மக்கள்தொகை, வாணிபம், நோய், இறப்பு என எல்லா நாடுகளும் ஒரே முறையில் கணக்கெடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கவலை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐக்கிய நாடுகள் சபை வந்தது, அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் செய்துவந்த காரியம் கைவிட்டுப் போனபோது அந்த நிறுவனம் தனக்கு வேறு பணிகளைத் தேட வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததில் ஒன்று கல்வி. 1948இல் கல்விக் குழு அமைந்தது.

அந்தக் காலத்தின் தேவையும் அதற்குத் தோதாக இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக நாடுகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்தன. புதிய அரசுக்குத் தன் மக்கள் எத்தனை பேர், என்ன விளைகிறது, யார் பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதைக் கணக்கெடுக்கத் தெரிந்த ஆட்கள்தான் இல்லை. ஆகவே குழுவின் முதல் பெரிய காரியம் பயிற்சி மையமாக அமைந்தது. அந்த மையம் எழுந்தது லண்டனிலோ பாரிஸிலோ அல்ல, கல்கத்தாவில்.

காரணம் பிரசாந்த சந்திர மஹலனோபிஸ். பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்துகொண்டே அங்கு ஒரு புள்ளியியல் ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர். 1931 டிசம்பரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். வங்காளத்தின் சணல் விளைச்சலை, எல்லா வயலையும் அளக்காமல், மாதிரி வயல்களை மட்டும் அளந்து மதிப்பிட முடியும் என்று செய்துகாட்டியவர். 1950இல் தேசிய மாதிரி ஆய்வும் அவருடைய முயற்சியில் தொடங்கியது. அதே ஆண்டில் சர்வதேச நிறுவனமும் இந்திய நிறுவனமும் சேர்ந்து, யுனெஸ்கோவும் இந்திய அரசும் துணை நிற்க, சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையத்தைக் கல்கத்தாவில் திறந்தன. மத்திய கிழக்கு, தெற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, தூரகிழக்கு, ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளிலிருந்து அலுவலர்கள் வந்து, பாரக்பூர் டிரங்க் சாலை வளாகத்தில் பத்து மாதப் படிப்பை முடித்துச் சான்றிதழோடு ஊர் திரும்பினார்கள். உலகப் புள்ளியியல் கல்வியின் வரலாற்றில் ஏழை நாடுகள் எப்போதும் கற்கும் இடத்தில்தான் இருந்தன என்று யாராவது சொன்னால், கல்கத்தாவை நினைவூட்ட வேண்டும். மற்ற நாடுகள் வந்து கற்றுக்கொண்ட இடம் அது.

ஆனாலும் இது அதிகாரிகளுக்கான பயிற்சி. பள்ளிக்கூடம் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை.

பள்ளியை நோக்கித் திருப்பம் நடந்தது 1960களிலும் 1970களிலும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கணிதப் பாடத்திட்டங்களைப் புதுப்பித்தபோது புள்ளியியலும் நிகழ்தகவும் பள்ளிக்குள் நுழைந்தன. நுழைந்தனவே தவிர, கற்பிக்க ஆளும் இல்லை, நூலும் இல்லை. இந்த இடத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்ற எஃகு நகரம் கதைக்குள் வருகிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நிகழ்தகவு, புள்ளியியல் துறை வலுவாக இருந்தது. 1975இல் பள்ளிகள் மன்றத்தின் புள்ளியியல் கல்வித் திட்டம் அங்கே தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் பீட்டர் ஹோம்ஸ்.

அந்தத் திட்டத்தில் உருவான சிறு நூல்வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். ‘உன் உலகில் புள்ளியியல்’ என்று பொருள்படும் தலைப்பில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. சூத்திரத்தைச் சொல்லி, எடுத்துக்காட்டைப் போட்டு, பயிற்சிக் கணக்கைக் கொடுக்கும் வழக்கமான வரிசையை அது தலைகீழாக்கியது. முதலில் ஒரு கேள்வி வரும். சம ஊதியம் உண்மையிலேயே சமமாக இருக்கிறதா? புகைபிடித்தலுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பிரிட்டிஷ் அரசின் பரிசுப் பத்திரங்களுக்கு எண்களைத் தேர்ந்தெடுக்கும் எர்னி என்ற இயந்திரம் நேர்மையாக நடக்கிறதா? கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு அட்டவணையும் வரைபடமும் நிகழ்தகவும் வழியில் கருவிகளாகக் கிடைக்கும். எர்னியின் எண்களைப் பட்டியலிட்டு, பூஜ்யம் எத்தனை முறை, ஒன்று எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்கிற சிறுவன், சமவாய்ப்பு என்றால் என்ன என்பதை வரையறை மனப்பாடம் செய்யாமலே தொட்டுவிடுகிறான்.

திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1979இல், புள்ளியியல் கற்பித்தலுக்கென்றே ஓர் இதழும் ஷெஃபீல்டிலிருந்து வரத் தொடங்கியது. ஹோம்ஸ்தான் ஆசிரியர். 9 முதல் 19 வயது வரையுள்ள மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் அதன் வாசகர்கள். வகுப்பில் செய்து பார்த்ததை ஓர் ஆசிரியர் எழுதுவார். வேறு நாட்டில் இன்னொருவர் படித்துவிட்டுத் தன் வகுப்பில் செய்து பார்ப்பார். சங்கம் அமைவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, சங்கம் செய்ய வேண்டிய வேலையை அந்த இதழ் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆட்கள் ஒருவரையொருவர் எழுத்தில் அறிந்துகொண்டார்கள். இனி நேரில் கூட வேண்டியதுதான் பாக்கி.

அதற்கு வழிவகுத்தவர் ஜோ கானி. கெய்ரோவில் பிறந்து ஆஸ்திரேலியரானவர், நிகழ்தகவு அறிஞர். ஷெஃபீல்டு துறையைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர். சர்வதேச நிறுவனத்தின் கல்விக் குழுப் பொறுப்பில் இருந்தபோது, புள்ளியியல் கற்பித்தலுக்கென்று தனியாக, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக மாநாடு நடக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதுவரை கல்விக் குழு நடத்தியவை வட்டமேசைக் கூட்டங்கள். அழைப்பு வந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசுவார்கள். கானி கேட்டது திறந்த கதவு. முதல் மாநாடு 1982 ஆகஸ்டில் ஷெஃபீல்டில் நடந்தது. ஐகாட்ஸ் என்று அழைக்கப்படும் வரிசையின் முதலாவது அது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர், பல்கலைக்கழகப் பேராசிரியர், அரசுப் புள்ளியியலாளர், உளவியல் ஆய்வாளர் எல்லோரும் ஒரே இடத்தில் கூடினார்கள். ஒரே பாடத்தின் பல முனைகளில் வேலை செய்தவர்கள் அதற்கு முன் இப்படிச் சந்தித்ததில்லை.

அங்கே பேசப்பட்டவற்றில் ஒன்றைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். லஃப்பரோ பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரீன், இங்கிலாந்தின் கிழக்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் 11 முதல் 16 வயது வரையுள்ள ஏறத்தாழ 3,000 மாணவர்களிடம் நிகழ்தகவு பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தார். அதில் ஒரு கேள்வி இப்படி: தோட்டக் கொட்டகையின் தட்டைக் கூரை 16 சதுரங்களாகப் பிரிந்திருக்கிறது. பனி பெய்யத் தொடங்குகிறது. 16 பனித்துகள்கள் விழுந்த பிறகு கூரை எப்படி இருக்கும்?

பிள்ளைகள் பலரும் பனித்துகள்களைச் சதுரத்துக்கு ஒன்றாகப் பங்கிட்டுக் கொடுக்கவே விரும்பினார்கள். யாருக்கும் குறைவில்லாமல், ஒழுங்காக. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. 16 துகள்களும் தனித்தனிச் சதுரத்தில் விழ வாய்ப்பு ஏறத்தாழ 8,80,000இல் ஒன்றுதான். சராசரியாக ஐந்தாறு சதுரங்கள் வெறுமையாகக் கிடக்கும். சிலவற்றில் இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்து விழுந்திருக்கும். சமவாய்ப்பு என்பது சமமான பங்கீடு என்று பிள்ளைகளின் மனத்தில் பதிந்திருக்கிறது. அதைவிட ஆசிரியர்களைக் கலங்கவைத்தது இன்னொன்று: வகுப்பு ஏற ஏற மற்ற கணக்குகளில் தேறுகிற பிள்ளைகள், சமவாய்ப்பை அடையாளம் காண்பதில் மட்டும் வயதுக்கேற்ப முன்னேறவில்லை. சூத்திரத்தை எவ்வளவு திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த எண்ணம் தானாகக் கலைந்துவிடாது. எஃப்ரைம் ஃபிஷ்பைன் என்ற இஸ்ரேலிய உளவியலாளர் 1975இலேயே, பிள்ளைகள் நிகழ்தகவைப் பற்றிய உள்ளுணர்வுகளுடன்தான் வகுப்புக்கு வருகிறார்கள் என்று ஒரு நூல் முழுக்க எழுதியிருந்தார். கிரீனின் கூரை அதை எல்லாரும் பார்க்கும்படி வரைந்து காட்டியது.

புள்ளியியல் கற்பித்தல் தனித் துறையாக நிற்க வேண்டியதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை என்பது என் கருத்து. கணிதத்தில் தவறு செய்யும் பிள்ளைக்கு எந்தப் படியில் தவறினாய் என்று காட்டலாம். இங்கே படி எதுவும் தவறவில்லை. உலகத்தைப் பார்க்கும் பார்வையே இடறுகிறது. அதைச் சரிசெய்ய நாணயத்தைச் சுண்டிப் பார்க்க வேண்டும், பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும், முன்கூட்டியே ஊகித்து எழுதிவைத்து விளைவோடு ஒப்பிட வேண்டும். எந்த வழி பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று பல நாட்டு ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால்தான் தெரியும்.

சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். நிகழ்தகவையும் புள்ளியியலையும் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்பவர்கள் ஒரு சர்வதேச ஆய்வு வட்டமாகச் சேர்ந்தார்கள். சட்டதிட்டம், அலுவலகம், பெரிய நிதி எதுவும் இல்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவிலிருந்து ஜோன் கார்ஃபீல்ட் செய்தி மடல் ஒன்றைத் தொகுத்து அனுப்பிவந்தார். யார் எதை ஆராய்கிறார், எங்கே கட்டுரை வந்திருக்கிறது, அடுத்த கூட்டம் எங்கே என்ற தகவல்கள் அதில் இருக்கும். பின்னாளில் ஸ்பெயினின் கிரனடாவிலிருந்து கார்மென் பட்டனேரோ அந்தப் பொறுப்பை ஏற்றார். இப்படிப்பட்ட குழுக்கள் உயிரோடு இருப்பது பெரும்பாலும் ஒருவர் விடாமல் மடல் அனுப்புவதால்தான். அந்த உழைப்பு எந்தப் பதவி உயர்வுக்கும் கணக்கில் வராது. வரலாற்றை எழுதுகிறவர்களும் மாநாட்டைத்தான் சொல்வார்கள், மடலைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

மாநாடுகள் நான்காண்டுக்கு ஒருமுறை தொடர்ந்தன. 1986இல் கனடாவின் விக்டோரியா. 1990இல் நியூசிலாந்தின் டனீடின். நடுவில் வட்டமேசைகளும் நின்றுவிடவில்லை. 1984இல் கான்பெராவில், கணினி வந்த பிறகு புள்ளியியலை எப்படிக் கற்பிப்பது என்று பேசினார்கள். 1988இல் புடாபெஸ்டில், புள்ளியியல் கற்பிக்க ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்பதே முழுப் பொருள். 1948இல் அதிகாரிகளுக்குப் பயிற்சி என்று ஆரம்பித்த குழு, நாற்பது ஆண்டு கழித்துப் பள்ளி ஆசிரியரிடம் வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் குழு குழுவாகவே இருந்தது. ஷெஃபீல்டுக்கும் விக்டோரியாவுக்கும் வந்த ஆசிரியர், மாநாடு முடிந்ததும் மறுபடி வெளியாள். சர்வதேச நிறுவனத்தில் உறுப்பினராக அவரை யாரும் தேர்ந்தெடுக்கப்போவதில்லை. அவர் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிக் குவித்தவர் அல்லவே. கல்விக் குழுவில் யார் இருப்பது, அடுத்த மாநாடு எங்கே நடப்பது என்பதில் அவருக்கு வாக்கு கிடையாது. இதை மாற்ற ஒரு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. சர்வதேச நிறுவனம், தேர்தல் இல்லாமல் ஆர்வமுள்ள எவரும் சேரக்கூடிய பிரிவுகளை ஒவ்வொன்றாக உருவாக்கிவந்திருந்தது. மாதிரி ஆய்வு செய்பவர்களுக்கு 1973இல் ஒரு சங்கம்; நிகழ்தகவு, கணிதப் புள்ளியியலாளர்களுக்கு 1975இல் பெர்னூலி கழகம்; கணினிப் புள்ளியியலுக்கு 1977இல்; அரசுப் புள்ளியியலுக்கு 1985இல். கற்பிப்பவர்களுக்கு மட்டும் இல்லை. மற்ற எல்லாரையும் உருவாக்குபவர்கள் அவர்கள்தான் என்பதை எண்ணினால் இந்த வரிசை மனத்தை உறுத்துகிறது.

1980களின் பிற்பகுதியில் கல்விக் குழுவை வழிநடத்திய நியூசிலாந்துக்காரர் டேவிட் வெர்-ஜோன்ஸ், குழு சங்கமாக மாறியதில் பெரும்பங்கு ஆற்றினார். நிலநடுக்கங்களின் நிகழ்தகவை ஆராய்ந்தவர். டனீடின் மாநாட்டின் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்ததும் அவரே. 1991இல் சர்வதேச நிறுவனத்தின் மாநாடு கெய்ரோவில் கூடியது. அந்த ஆண்டு புள்ளியியல் கல்விச் சங்கம் ஐந்தாவது பிரிவாக உருவெடுத்தது. கல்விக் குழு செய்துவந்த வேலைகள் அதன் கைக்கு வந்தன. ஆர்வமும் சந்தாவும் போதும், எந்த நாட்டு ஆசிரியரும் உறுப்பினராகலாம். கானி பிறந்த ஊரும் கெய்ரோவே என்பதை இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் மகிழ்ச்சியோடு கவனிக்கலாம்.

பிறந்த பிறகு நடத்துவது வேறு வேலை. இத்தகைய சங்கத்தில் சம்பளத்துக்கு ஆள் கிடையாது. தலைவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவார். செயற்குழுவில் இருப்பவர்களும் தத்தம் வகுப்பை முடித்துவிட்டு மீதி நேரத்தில் சங்க வேலையைப் பார்ப்பவர்களே. மாநாட்டைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது அவர்கள் எடுத்த நல்ல முடிவு. 1994இல் மொராக்கோவின் மராகேஷ், 1998இல் சிங்கப்பூர், 2002இல் கேப்டவுன், 2006இல் பிரேசிலின் சால்வடார். பணக்கார நாடுகளிலேயே நடத்துவது எளிது. விடுதியும் அரங்கும் தயாராக இருக்கும். ஆனால் நிறவெறி ஆட்சி ஒழிந்து எட்டே ஆண்டுகளான தென்னாப்பிரிக்காவில் மாநாடு நடந்தால், விமானச் சீட்டு வாங்க முடியாத அந்நாட்டு ஆசிரியர் உள்ளே வர முடியும்.

கணிதக் கல்வியாளர்களோடு இருந்த உறவையும் சங்கம் வளர்த்தது. 2008இல் மெக்சிகோவின் மான்டெரேயில் சர்வதேசக் கணிதக் கற்பித்தல் ஆணையமும் இந்தச் சங்கமும் சேர்ந்து ஓர் ஆய்வு மாநாடு நடத்தின. பொருள்: பள்ளிக் கணிதத்துக்குள் புள்ளியியலைக் கற்பிப்பதும் அதற்கு ஆசிரியரை ஆயத்தப்படுத்துவதும். அதன் நூல் 2011இல் வந்தது. விருந்தாளியாக இருந்தவர்கள் வீட்டுக்காரரோடு சரிசமமாக உட்கார்ந்து எழுதிய நூல் அது.

அந்தச் செய்தி மடலுக்கு என்ன ஆயிற்று? ஆய்வு வட்டம் சங்கத்தோடு இணைந்தது. மடல் புள்ளியியல் கல்வி ஆய்வுச் செய்தி மடலாகப் பெயர் மாறி, 2002இல் முழு ஆய்விதழாகியது. பட்டனேரோவும் இங்கிலாந்தின் ஃபிளேவியா ஜோலிஃபும் அதன் முதல் ஆசிரியர்கள். அச்சடிக்கவில்லை, தொடக்கத்திலிருந்தே மின்னிதழ். கட்டுரைகளை வல்லுநர்கள் படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், படிக்கக் கட்டணம் வாங்குவதில்லை. பனித்துகள் கேள்வியைப் போன்ற கேள்விகளைப் பல நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு, என்ன சொன்னார்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தால் மாறினார்கள் என்று எழுதும் இடமாக அது இன்றும் வந்துகொண்டிருக்கிறது.